சவுந்தரநாயகம் மாஸ்டரின் செவ்வரத்தை

இரண்டாம் முறையும் அயடீன் விட்ட இலை கறுநீலமாகவே நின்றது. பிள்ளைகள் பதினொரு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சவுந்தரநாயகம் மாஸ்டருக்கு அயடீன் போத்தலையே குடித்துவிடலாம் போலிருந்தது.

"காது குடுத்துக் கேளுங்கோடா! வெளிச்சம் பட்டா முதற்படி. தண்ணி பிளந்து ஒட்சிசன் வெளியால போகும், சக்தி சேரும். அந்தச் சக்தியால ரெண்டாம் படியில காபனீரொட்சைட்டு சீனியாகும். மிஞ்சினது மாப்பொருள், அயடீனுக்கு நீலம். வெளிச்சமில்லாட்டி செடிக்குச் சாப்பாடே இல்லை!"

"ரெண்டு நாள் இருட்டில வச்ச செடி நீலமாத்தானே நிக்குது, சேர்? நாங்கள் வெள்ளவத்தை கிளாசுக்குப் போறம்."

அந்தப் பதினொரு பேர்தான் மாஸ்டரின் சோறு. வகுப்பு நடந்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில், நேசம் அக்காவின் வீட்டு ஹோலில். சோதனைக்கு வைத்த செவ்வரத்தைச் சாடி பக்கத்திலேயே, மாடிப்படிக்குக் கீழுள்ள இருட்டுச் சாமான் அறையில். சாவி நேசத்திடம்.

"கதவைத் திறந்து வச்சனீங்களே, அக்கா?"

"அந்தோனியார் அறிய இல்லை, மாஸ்டர்!"

"அப்ப நான் ஒருக்கா உள்ளுக்க பாக்கிறன்."

"ஐயோ, ஒரே எலி. நானே எடுத்துத் தாறன்."

மாஸ்டர் கதவிடுக்கெல்லாம் கறுப்புத் துணி அடைத்தார். ஐந்து நாள் பொறுத்தார். இலை அதே கறுநீலம், போதாததற்கு ஒரு மொட்டும் விட்டிருந்தது. வகுப்பில் மிஞ்சியது மூன்று பேர்.

சனிக்கிழமை காலை, பாடத்தின் நடுவில் பொலிஸ் செக்கிங் வந்தது. அந்த அறையில் என்ன என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

"பழைய சாமான், ஒரு பூச்சாடி," என்றாள் நேசம். சார்ஜன்ட் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

மாஸ்டருக்கு விசர் பிடித்தது. மூன்று பேராவது மிஞ்ச வேண்டாமா?

"இல்லை மாத்தயா! உள்ளுக்க ஆரோ லைட் போடுறாங்கள். சயன்ஸ் பொய் சொல்லாது. உடைச்சுப் பாருங்கோ!"

"மாஸ்டர், கும்பிட்டன், வாயை மூடுங்கோ!" நேசம் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டார்.

கதவு உடைந்தது. உள்ளே நூறு வாட் பல்பு. அதன் கீழே செவ்வரத்தை. பக்கத்தில் நேசத்தின் தம்பி கிளறன்ஸ், கையைத் தூக்கியபடி. மன்னாரிலிருந்து வந்தவன், நாற்பது வயது, யுத்த காலத்தில் கொழும்பில் தங்கக் கட்டாயமான பொலிஸ் பதிவு இல்லை.

சயன்ஸ் வென்றுவிட்டது. பாழாய்ப்போன வெற்றி. மாஸ்டருக்கு நேசத்தின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

"லைட்டை ஏன் போட்டனீர்? இருட்டில இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராதே!" ஜீப்புவரை பின்னால் ஓடி அழாக்குறையாகக் கேட்டார்.

கிளறன்ஸ் திரும்பிப் பார்த்தான்.

"நீங்கள் படிப்பிச்சதைக் கேட்டுத்தான், மாஸ்டர். வெளிச்சமில்லாட்டி அதுக்குச் சாப்பாடில்லை எண்டியள், பாவமாக் கிடந்தது."