தண்ணி பார்க்க வரும் ஜாடி பாய்

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி ஜாடி இன்னும் வழவழவென்று இருக்கிறது என்றால், ஜாடி பாய் அதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் கட்டடத்தில் யாருக்குமே தெரியாது. போன் எடுத்தால் அவரே "ஜாடி பாய் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் ஒரு முடி கிடையாது. ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் சீப்பையும் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்கவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் தவிப்பார்கள்.

சீப்பு தொழிலுக்கு. பாய், புதுசாகக் கட்டும் அடுக்குமாடிகளில் சுவருக்குப் பட்டி பார்த்து, அதன்மேல் டெக்ஸ்ச்சர் பெயிண்ட் அடிக்கிறவர். தோசை மாவு பதத்தில் இருக்கும் அந்தப் பெயிண்டைச் சுவரில் அப்பி, காய்வதற்குள் சீப்பால் இழுத்தால் வரிவரியாக வரும். பழைய பிரஷ்ஷால் குத்தினால் பலாப்பழத் தோல் மாதிரி வரும். வாளி அடியில் மிஞ்சுவதை அவர் தூக்கிப் போடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊரார் வீட்டுக் கண்ணாடி ஜாடிகளின்மேல் அப்பிவிடுவார்.

நான் அவரிடம் மாட்டியது மூன்று வருடம் முன்னால். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் எனக்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான் ஒருத்தன்தான். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்து, இங்கே ஒரு மொட்டைமாடி அறையில் குடியேறியிருந்தேன். முதல் ஆறு மாதம் முடிந்ததற்கு ஆபீஸில் ஒரு கண்ணாடி ஜாடியும் அதில் ஒரு மணி பிளாண்டும் கொடுத்தார்கள். பஸ்ஸில் மடியில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் கொண்டுவந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கதவு தட்டினார்கள். அந்த ஆறு மாதத்தில் என் கதவை யாரும் தட்டியதில்லை. அதனால் பக்கத்து மாடிக் கதவு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"தம்பி, நேத்து கையில ஒண்ணு வெச்சுகினு போனியே, அத காட்டு."

ஏதோ திருட்டுச் சாமானைப் போல ஜாடியை எடுத்து வந்து நீட்டினேன்.

"இன்னாப்பா இது, வேரெல்லாம் வெளிய தெரியுது?"

"கண்ணாடிங்களே. தெரியத்தானே செய்யும்?"

"நீ குளிக்கறப்போ கதவ தொறந்து வெச்சுகினா குளிக்கிற?"

"இல்லைங்க."

"அப்புறம்? வேருன்றது இருட்டுல கீற சாமான். வெளிச்சம் பட்டா பாசி புடிக்கும். எல்லாரும் பாத்துகினே இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்காது? எப்படி வளரும்?"

செடியைப் பிடுங்கி என் குளியல் மக்கில் போட்டுவிட்டு, ஜாடியோடு போய்விட்டார். மூன்று நாள் நான் டம்ளரில் மொண்டு குளித்தேன்.

நான்காம் நாள் ஜாடி திரும்பி வந்தது. உப்புத்தாளால் கண்ணாடியின் வழவழப்பைத் தேய்த்து, பிரைமர் பூசி, அதன்மேல் டெக்ஸ்ச்சர் அப்பி, சீப்பால் சுற்றி இழுத்திருந்தார். கீழே செங்கல் நிறம், மேலே சந்தன நிறம். அந்த வாரம் எந்தக் கட்டடத்துக்கு வேலை பார்க்கிறாரோ அந்தக் கட்டடத்தின் நிறம்தான் ஜாடிக்கும். எங்கள் கட்டடத்தில் இருந்த எட்டு ஜாடிகளும் மேடவாக்கத்துக்கும் சிறுசேரிக்கும் நடுவே எங்கேயோ நிற்கிற எட்டு அடுக்குமாடிகளின் குட்டிகள். பால்கனி மட்டும்தான் வைக்கவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். பச்சை இலை அந்தச் சொரசொரப்பின்மேல் சரிந்து விழுந்தபோது, என் அறையில் பார்ப்பதற்கு முதல்முதலாக ஏதோ ஒன்று இருந்தது.

"சூப்பரா இருக்கு பாய். ஆனா முழுசா மூடிட்டீங்களே, தண்ணி எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"நா எதுக்கு கீறேன்?" என்றார்.

அன்றைக்கு அந்தப் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மற்ற வீடுகளின் கதை இதைவிட மோசம். தரைத்தளத்து மேரி டீச்சர், காலி ஊறுகாய் பாட்டில்களை பீரோவுக்குள் நகையோடு பூட்டி வைத்திருந்தார். முதல் மாடி ரிடையர்டு சார் ஒருநாள் மீன்தொட்டியைக் கழுவி, மீன்களை வாளியில் விட்டு, தொட்டியை மாடிப்படியில் காயவைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மூன்று பக்கம் பலாப்பழத் தோல்.

"பாய், இது மீன் தொட்டி பாய். மீன பாக்கணும்னுதான் வாங்கினேன்."

"ஒரு பக்கம் உட்டுகீறேன் இல்ல சார். அதுங்களுக்கும் ஒரு மறைவு வோணாமா?"

பாய் விட்டிருந்தது, மோட்டார் மாட்டுவதால் சுவரோரம்தான் இருந்தாக வேண்டிய பின்பக்கம். சார் அதற்கப்புறம் மீன் பார்ப்பதென்றால் தரையில் குந்தி, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே தலையை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அவருக்கு முட்டிவலி வேறு.

ஞாயிறு பத்து மணிக்கு பாயின் ரவுண்டு ஆரம்பமாகும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மூக்கு வைத்த சின்னக் குவளை. "தண்ணி பாக்க வந்தேன்" என்பார். உள்ளே வந்து, ஜாடியை விரலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வருவார். சத்தம் மாறுகிற இடத்தில் நிறுத்தி, "அரை ஜாடி கீது" என்பார். சுவரைத் தட்டியே எங்கே பூச்சு ஒட்டாமல் பொக்கையாக இருக்கிறது என்று சொல்கிற கை அது. ஒருதடவைகூட தப்பாகச் சொன்னதில்லை.

இதற்கு அரை நிமிஷம்தான் ஆகும். அதற்கப்புறம் உட்காருவார். டீ வரும். டீச்சரின் தங்கை பிரசவம், சாரின் சர்க்கரை அளவு, என் மேனேஜரின் குணம் எல்லாம் விசாரிப்பார். போன வாரம் விட்ட இடத்திலிருந்து சரியாகக் கேட்பார். மதியம் லுஹர் தொழுகைக்குள் எட்டு வீடும் முடித்தாக வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வார். ஒரு வாரமும் முடித்ததில்லை.

டீச்சருக்கு அது சர்ச்சுக்குக் கிளம்பும் நேரம். சாருக்கு கிரிக்கெட். ஒருநாள் சார், பாய் வருகிற சத்தம் கேட்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பாய் சோபாவில் உட்கார்ந்து சாருக்காகக் கிரிக்கெட் பார்த்து, ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் பாத்ரூம் கதவருகே போய், "சார், இன்னொண்ணு பூட்ச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஆறு விக்கெட் விழுந்தபின் சார் தானே வெளியே வந்தார்.

கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் புகார் கிளம்பியது. "பாய் நல்ல மனுஷன்தான், ஆனா சண்டே மார்னிங் முழுக்க போயிடுது" என்று டீச்சர் எழுதினார். "ஏதாவது பண்ணணும்" என்றார் சார்.

இங்கேதான் நான் வருகிறேன். ரேஷன் கார்டு விண்ணப்பமானாலும் மாட்டு லோன் தாளானாலும் என் அம்மா என்னிடம்தான் நீட்டுவார். பிரச்னை என்று யாராவது சொன்னால் ஒரு தாளில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தீர்வு எழுதுவது எனக்குச் சின்ன வயசிலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம். இதில் பிரச்னை என்ன? ஜாடிக்குள் தண்ணீர் தெரியவில்லை. அவ்வளவுதானே.

விளக்குமாற்றிலிருந்து எட்டு ஈர்க்குச்சி உருவினேன். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் இரண்டு கோடு. குச்சியை ஜாடியில் விட்டு எடுத்தால், கீழ்க்கோடு நனையவில்லை என்றால் ஊற்று. மேல்கோடு நனைந்தால் நிறுத்து. விளக்கத்தை ஐந்து பாயிண்ட்டாக எழுதி குழுவில் போட்டு, வீட்டுக்கு ஒன்றாகக் குச்சியையும் கொடுத்தேன். பதினொரு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். "படிச்ச புள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார் டீச்சர். ஆபீஸில்கூட எனக்கு அவ்வளவு பாராட்டு கிடைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு பாய் வந்தார். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கீழே நடப்பது நன்றாகக் கேட்டது.

"வேணாம் பாய், நானே பார்த்துட்டேன். தம்பி குச்சி குடுத்திருக்காரு."

"குச்சியா?"

"ஆமா பாய், ரொம்ப ஈஸி. உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

முதல் மாடியில் சார் கதவைத் திறக்கவே இல்லை. குச்சியை மட்டும் ஜன்னல் வழியாகக் காட்டினாராம். எட்டு வீட்டையும் பாய் அன்றைக்குத்தான் லுஹருக்குள் முடித்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கடைசியில் என் அறைக்கு வந்தார். ஜாடிக்குள் நின்ற குச்சியை எடுத்து, கோடுகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நல்ல ஐடியாப்பா," என்றார். "எனுக்கு தோணல பாரு."

அதில் குத்தல் எதுவும் இல்லை. உட்காருங்கள் என்று நான் சொல்வதற்குள் குவளையோடு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நானும் நிம்மதியாகத்தான் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் பத்து மணிக்குக் கண் விழித்துக்கொண்டது. அம்மாவுக்கு போன் செய்தேன். "சாப்டியா?" "சாப்டேன்." "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." இரண்டு நிமிஷம். அதோடு திங்கட்கிழமை காலை வரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. என் மேனேஜரின் கதை பாதியில் நின்றது. மேலே என்ன ஆச்சு என்று கேட்கிற ஒரே ஆளை நானே ஐந்து பாயிண்ட் எழுதி நிறுத்தியிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு அவர் வீட்டைத் தேடிப் போனேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தளத்து ஒற்றை போர்ஷன். இரண்டு வருடத்தில் எங்கள் கட்டடத்திலிருந்து அங்கே போன முதல் ஆள் நான்தான். கதவு திறந்திருந்தது. பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கேயாவது கிளம்பிட்டீங்களா பாய்?"

"இல்லியே. ஞாயித்துக்கெழமையாச்சே. போட்டு பழகிடுச்சு."

சுற்றிலும் பார்த்தேன். நான்கு சுவரும் வெறும் சுண்ணாம்பு. ஒரு ஜாடி இல்லை. ஒரு செடி இல்லை.

"என்ன பாய், உங்க வீட்ல ஒண்ணுகூட இல்ல?"

"இங்க யாருப்பா வந்து பாக்கப் போறா?"

கல்யாணம் ஆகவில்லையாம். ஏன் என்று கேட்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில், பேச்சு சுவாரஸ்யத்தில் பழக்க தோஷத்தால் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ள பொக்கையா கீதே" என்று சொல்லிவிட்டாராம். அது பெண்ணின் அப்பா தானே நின்று கட்டிய வீடு. டீகூட வரவில்லையாம். சொல்லிவிட்டு அவரே ரொம்ப நேரம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு சட்டென்று சொன்னார். "பெயிண்ட் அடிக்கிறவன் எத்தினி வூட்டுக்குள்ள பூர்றான் தெரியுமா? ரூம் ரூமா நின்னுகீறேன். சாவி குடுத்து ஆளுங்க உள்ள வர்றதுக்கு மொத நாளு வெளிய வந்துரணும். முப்பது வருசமா ஆள் இல்லாத வூடுதாம்பா எனுக்கு. உங்க வூடுங்கள்லதான் ஆளு இருக்கசொல்ல உள்ள வந்துகினு இருந்தேன்."

 அறைக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்து, "குச்சி முறையை வாபஸ் பெறுகிறேன். காரணங்கள்:" என்று தொடங்கி, மூன்று பாயிண்ட் எழுதினேன். பாய் சொன்னதை அதில் எப்படி எழுதுவது என்று தெரியாமல், குச்சியில் கிருமி வரும் என்று ஏதேதோ எழுதினேன். "பரவால்ல தம்பி, வெந்நீர்ல கழுவிக்கறோம்" என்றார் டீச்சர். சார் கட்டைவிரல் தூக்கினார். ஒருவர்கூடக் குச்சியைத் திருப்பித் தரவில்லை. அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு காலி தேன் பாட்டிலை எடுத்து, தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய பெயிண்டில் ஆப்பசோடாவைக் கலந்து கெட்டியாக்கி, என் தலைவாரும் சீப்பால் இழுத்தேன். உப்புத்தாள் போட மறந்துவிட்டேன். ஒரு மணி பிளாண்ட் கொடியை வெட்டி அதில் வைத்து, அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கொண்டுபோனேன்.

பாய் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து விழுந்தது.

"இன்னாப்பா இது, கொசுவ அடிச்சு அப்பினாப்புல கீது."

"உங்களுக்குத்தான் பாய்."

"ஏய் படிச்சவனே, உப்புத்தாள் போடாம எவனாச்சும் கண்ணாடி மேல பூசுவானா? ஒரு வருசம் நிக்குமா இது? ஒரு மாசம்?"

பதினைந்து நிமிஷம் விடாமல் திட்டினார். நடுவில் எழுந்து போய், ஜன்னலுக்குக் கீழே கிடந்த செருப்பு ஸ்டாண்டை நகர்த்தி இடம் பண்ணினார். திட்டிக்கொண்டே பாட்டிலை அங்கே வைத்தார். அப்புறம் டீ போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நானும் கேட்கவில்லை.

இது நடந்து ஒரு வருடமாகிறது. போன ஞாயிறும் தண்ணி பார்க்கப் போயிருந்தேன். பெயிண்ட் உதிர்ந்த பக்கத்தில் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது. கழுத்து வரைக்கும் தண்ணீர் நிற்பது வாசலிலிருந்தே தெரிந்தது.

"எப்படி கீது?" என்று கேட்டார்.

குனிந்து நன்றாகப் பார்த்தேன்.

"கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு பாய்," என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்தேன்.