தலகாணி அண்ணாச்சி வீடு விற்ற விதம்

தூத்துக்குடியில் இவரைவிட அதிக வீடுகளில் படுத்துத் தூங்கிய மனிதர் கிடையாது. அத்தனையும் பட்டப்பகலில், வீட்டுக்காரர் முன்னிலையில், முறையாக அனுமதி வாங்கி. தொழில் வீட்டு புரோக்கர். சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஸ்கூட்டர் பின்சீட்டில் ஒரு தலையணையை, நிலக்கரித் தூசி படாமல் பாலித்தீன் உறை போட்டுக் கட்டிக்கொண்டு அலைவார். அதனால் தலகாணி அண்ணாச்சி.

போன வருஷம் எங்கள் வீட்டை விற்க அவரிடம்தான் போனேன். என் மனைவிக்கு மூட்டு தேய்ந்துவிட்டது. எங்கள் வீட்டிலோ சமையல் கீழே, குளியலறை மேலே, நடுவில் செங்குத்தாகப் பதினாறு படி. படியே இல்லாத ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். மூன்று மாதத்துக்குள் இதை விற்று அதை முடிக்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

"ரேட்டு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"அது அப்படியேதான் கெடக்கு தம்பி. ஏறவும் மாட்டேங்கு, எறங்கவும் மாட்டேங்கு. அதனால எவனுக்கும் அவசரமில்ல."

எங்களுக்கு இருந்தது.

வந்த அன்றே ஒவ்வோர் அறையிலும் அரைமணி நேரம் தூங்கினார். "நின்னு பாத்தா சுவருதான் தெரியும். படுத்துப் பாத்தாத்தான் வீடு தெரியும்" என்றார். எழுந்ததும் அறிக்கை.

"முன் ரூம்பு சுமார். கண்டெய்னர் லாரி போனா கட்டில் தனியா ஆடுது. மாடி ரூம்புல மனுசன் அவிஞ்சிருவான். பின் ரூம்புதான் ரூம்பு. கடல்லேருந்து கொண்டல் காத்து நேரா காதுக்குள்ள வருது."

"வாங்க வாரவங்ககிட்ட இதெல்லாம் சொல்லிராதீங்க."

"நான் எதுக்குச் சொல்லுதேன்? அவங்களே படுத்துப் பாத்துக்கிடட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

முதலில் வந்தவர் பக்கத்து ஊரான நாசரேத்திலிருந்து வாத்தியார் ஒருவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமல் கால்மணி நேரம் படுத்திருந்தார். எழுந்து, கூரையில் ஒரு விரிசலைக் காட்டிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் பார்க்காத விரிசல்.

அடுத்து ஒரு மொத்த வியாபாரி. கேட்ட விலைக்குச் சம்மதம். படுக்க மட்டும் மாட்டேன் என்றார்.

"நான் வீடு வாங்க வந்தேனா, அட்மிட் ஆக வந்தேனா?"

"படுக்காதவருக்குக் கொடுக்கதுக்கில்ல" என்று அண்ணாச்சி தலையணையை உறையில் போட்டுவிட்டார். வீடு என்னுடையது என்பதை நான் நினைவுபடுத்துவதற்குள் வியாபாரியின் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

என் மனைவிக்குத் தாங்கவில்லை. "அண்ணாச்சி! என் முழங்காலு உங்க தூக்கத்த நம்பிலா இருக்கு!"

"ஆளு ஒருத்தன் இருக்கான் தங்கச்சி. நைட் ஷிப்டு. ஓய்வு நாள் வரட்டும்னு பாக்கேன்."

கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அந்த ஆள் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். கூடவே மனைவி. வீட்டை ஒரு சுற்றுகூடப் பார்க்கவில்லை. பின் அறையில் பதினொரு மணிக்குப் படுத்தார்.

ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. மிக்ஸி போடப் பயந்து என் மனைவி தேங்காயைக் கையால் அரைத்தாள். வாசலில் மீன்காரர் பைக்கை நிறுத்தி ஹாரனை அமுக்க, அண்ணாச்சி பாய்ந்து ஓடினார்.

"ஏலே, அமுக்காத! உள்ள வீடு வித்துக்கிட்டிருக்கு!"

கிரேன்காரரின் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "பகல்ல இவுக இப்படித் தூங்கி ரெண்டு வருசமாச்சுக்கா. இப்ப இருக்கது ஒர்க்ஷாப் மாடி."

"குளியலறை மேல இருக்கு, படி செங்குத்து" என்றாள் என் மனைவி. மனசாட்சி கேட்கவில்லை அவளுக்கு.

"கிரேன் ஏறுத மனுசருக்கு இது ஒரு படியாக்கா?"

நாலரைக்கு அவர் எழுந்தார். "மணி என்ன?"

"நாலரை."

"வாங்கிருவோம்" என்றார்.

புது வீட்டில் என் மனைவி அடுப்படிக்கும் குளியலறைக்கும் இஷ்டத்துக்கு நடக்கிறாள். மாதத்துக்கு இரண்டு தடவை அண்ணாச்சி மத்தியானமாக வருவார்.

"இந்த வீட்டக் கொடுக்கிற எண்ணம் இருக்கா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி."

"எதுக்கும் ஒருக்கா பாத்து வச்சிருதேன்" என்று கூடத்தில் படுத்துக்கொள்வார்.

நான் எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.