‘ஹஸ்பண்ட்’ என்ற சொல்லின் வரலாறும் ஒரு சுவர்க் கடிகாரமும்

உலக நாகரிகத்துக்கு ஒரகடம் அளித்த கொடைகளில் தலையாயது, அங்குள்ள செல்போன் சார்ஜர் கம்பெனியின் கேன்டீனில் ஆண்டுதோறும் நடக்கும் ‘திருமணமும் ஆங்கிலச் சொற்களும்’ என்ற பண்பாட்டுக் கருத்தரங்கு. யாராவது மயங்கி விழுந்தாலும் நிற்காத உற்பத்தி லைன், அன்று மதியம் இந்த அறிவு வேள்விக்காக நின்றது. மனிதவள மேலாளர் இராமச்சந்திரன் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையேறினார்.

தங்கமாரி முன்வரிசையில் மாட்டிக்கொண்டாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்; கம்பெனி ஹாஸ்டலில் வாசம். வேலை பார்க்கும் பெண்கள் மணமாகாதவர்களாக இருக்க வேண்டும் என்பது கம்பெனியின் விதி. குடும்பக் கவலை அவர்களை வாட்டக் கூடாதே என்ற தாயுள்ளம்தான். தங்கமாரியோ ஆனி மாதமே மாரிசெல்வத்தைக் கட்டிக்கொண்டு, வெளியே மூச்சுவிடாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

லைன் வாசலில் உலோகத்தைக் கண்டால் கத்தும் கருவி உண்டு. அதனால் மெட்டி டிரங்குப் பெட்டியில். சட்டைக்குள் மறைந்த தாலிக் கயிற்றில் பொன் கிடையாது, மஞ்சள் துண்டு மட்டும். அந்த லைனில் பல கழுத்துகளில் அதுதான் வழக்கம். என்னதான் வெளிநாட்டுக் கருவியானாலும் மஞ்சளைப் பார்த்துக் கத்தாது.

வேலை போனால் ஹாஸ்டல் கட்டிலும் போகும். தைக்குள் இருவரும் தனி வீடு பிடிக்கலாம் என்ற நினைப்பும் அதோடு போகும். அவள் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அந்தப் பயத்தோடுதான் அவள் தினமும் வாசலைத் தாண்டினாள்.

“‘வெட்டிங்’ எங்கேருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் ‘வெட்’ என்றால் பிணை, வாக்குறுதி! நம்பிக்கைதான் திருமணத்தின் வேர். நிர்வாகமும் உங்களை நம்புகிறது” என்று முழங்கினார் இராமச்சந்திரன். சூப்பர்வைசர்கள் முதலில் கைதட்டினார்கள். ‘மேட்ரிமொனி’க்குள் லத்தீன் தாய் ஒருத்தி இருப்பதையும் தோண்டி எடுத்துக் காட்டினார். ‘பிரசவ விடுப்பு’ என்ற சொல்லின் வேரை மட்டும், நேரமின்மை காரணமாக, அவர் தொடவில்லை.

“அடுத்தது ‘ஹஸ்பண்ட்’. ‘ஹூஸ்’ என்றால் வீடு. ‘போண்டி’ என்றால்...”

கேன்டீனே சிரித்தது.

“சிரிக்காதீங்க! பழைய நார்ஸ் மொழியில போண்டின்னா வீடு வாசல் உள்ள குடும்பத் தலைவன்.”

“நம்ம ஊர்ல வூடு வாங்குனாத்தான் சார் போண்டி ஆவாங்க” என்றாள் தங்கமாரியின் பக்கத்தில் இருந்த செல்வமேரி. பிள்ளைப்பாக்கத்துக்காரி.

மேலாளர் கோபப்படவில்லை. என்ன பெருந்தன்மை! “தமிழ்ல இதுக்கு நிகரான சொல்லை யாரும்மா சொல்லுவீங்க? உதாரணத்தோட சொல்லணும். தயங்காம பேசுங்க, இது உங்க குடும்பம் மாதிரி.”

சிரித்த வேகத்தில் தங்கமாரிக்கு வாய் முந்திக்கொண்டது. “வீட்டுக்காரர் சார்! ஆனா வீடு இருக்கணும்னு இல்ல. எங்க வீட்டுக்காரவுக சிங்கப்பெருமாள் கோவில்ல அஞ்சு பேரோட ஒரே ரூம்லதான் கெடக்காவ.”

செல்வமேரி அவள் தொடையில் கிள்ளினாள். “அடிப்பாவி, இன்னா பேசிக்கினு கீற!”

இராமச்சந்திரனின் முகம் மலர்ந்தது. “அருமை! பேர் என்னம்மா?” என்று கேட்டார். கருத்தரங்கு இனிதே முடிந்தது.

சற்று நேரத்தில் தங்கமாரி அவர் அறையில் நின்றாள். வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதம் தயாராக இருந்தது.

“கம்பெனி யாரையும் வெளிய அனுப்பறதில்லம்மா. நீயாத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்ட. நிர்வாகத்தோட வாழ்த்துகள்” என்று குழைந்த குரலில் சொல்லி, ஒரு சுவர்க் கடிகாரத்தை நீட்டினார். கம்பெனி முத்திரைக்குக் கீழே ‘மணமக்களுக்கு அன்புடன்’ என்று அச்சிட்டிருந்தது.

வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவள் பார்த்தாள். அவர் நாற்காலிக்குப் பின்னால் அதே கடிகாரப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அழுகையை ஆத்திரம் முந்தியது.

“எனக்குக் கல்யாணம் ஆனது உங்களுக்கு இன்னைக்குத்தான சார் தெரியும்? இம்புட்டுக் கடிகாரத்தையும் எப்ப வாங்குனீய?”