அவியல் அளந்த தூரம்

வற்றல் மூட்டையைக் கண்ணால் பார்த்தே எடை சொல்லிவிடுவேன். ஆரியசாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷ மொத்த வியாபாரம். அப்பேர்ப்பட்ட பகவதிப்பெருமாளாகிய நான் ஆகாச தூரத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

மகள் மீனு துபாயில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவேண்டும் என்பது எங்கள் முறை. மாசம் எட்டாகிவிட்டது, விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பிள்ளைக்கு வர முடியாட்டா தாய்வீடு அங்க போகட்டும்" என்றாள் என் மனைவி முத்தாரம்மாள்.

போனால் வர மூன்று மாதம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் விளம்பாமல் நான் சோறு தின்றதில்லை. கடையைப் பார்க்க ஆள் கிடைக்கும். என்னைப் பார்க்க? அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது. அதனால் தூரத்தைச் சொன்னேன்.

"எத்தனை மணிக்கூர் பறக்கணும்?" என்று அவள்தான் கேட்டாள்.

"பத்து. காத்து எதிர்த்தா பன்னெண்டு."

"அவ்வளவு நேரமா?"

"கீழ பூரா கடலு. உனக்கு நாகர்கோவில் பஸ்ஸிலயே தலை சுத்துமே, ஏட்டி."

"அது சரிதான்" என்று எழுந்து போனாள். அவள் வாதாடாமல் போனபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுவாரம் பக்கத்து வீட்டு ராஜபாயின் மகன் ஆன்சன் துபாய்க்குப் புறப்பட்டான். காலை ஒன்பது மணி விமானம். முத்தாரம்மாள் விடியுமுன்னே எழுந்து அவியல் வைத்து, தூக்குச்சட்டியில் அடைத்து அவன் கையில் கொடுத்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஆசையாம். எனக்கும் மனசு இளகிவிட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். காப்பியோடு கேள்வியும் வந்தது.

"கேட்டியளா, தேங்கா அரச்ச அவியல் எத்தனை நேரம் தாங்கும்?"

"இந்த வெக்கையிலயா? பொழுது சாயுமுன்ன ஊசிரும்."

"மீனு போன் பண்ணினா. மத்தியானச் சோத்துக்கு நம்ம அவியல்தானாம். ஒரு வாடை இல்லியாம்."

நான் காப்பியைப் பார்த்தேன்.

"உங்க கணக்குக்கு ஆன்சன் இப்பவும் கடலுக்கு மேலல்லா பறக்கணும்?"

"பிள்ளைகிட்ட நேராக் கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பாளே."

"கேட்டா, அப்பா பொய் சொன்னாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிராதா?"

என் மானத்தைக் காப்பாற்றத்தான் விடியுமுன்னே எழுந்து தேங்காய் அரைத்திருக்கிறாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"நீ இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது, முத்தாரம்மா."

"அது எனக்குத் தெரியும்." அவள் ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டாள். பிறகு, "நாலு மணிக்கூர்தான். நீங்க அடுக்களையில உப்பைத் தேடி எடுக்கதுக்குள்ள நான் அங்க இறங்கிருவேன்" என்றாள்.

போன வெள்ளிக்கிழமை அதே ஒன்பது மணி விமானத்தில் ஏற்றிவிட்டு வந்து, கஞ்சியை அடுப்பில் வைத்தேன். ரெண்டு மணிக்கு போன் அடித்தது.

"வந்து சேந்தாச்சு. உப்பு கிட்டிச்சா?"

"இன்னும் ரெண்டு அலமாரி பாக்கி இருக்கு" என்றேன்.