மச்சானுக்கு மூன்று கேள்விகள்

"மாமா, நான் விக்ரம் பேசறேன்."

எண் புதிதாக இருந்தது. ராஜ்கமல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நீ விக்ரம்தான்னு என்னா ஆதாரம்?"

அந்தப் பக்கம் கடல் காற்று இரைந்தது. "வெளயாடாதீங்க மாமா! சென்னையிலேருந்து வர்ற வழியில பிள்ளைச்சாவடியில எறங்கினேன். அலையில போன் போயிடுச்சு. இது டீக்கடைக்காரர் போன். ஒரு பஸ்ஸும் நிக்க மாட்டேங்குது. வண்டிய எடுத்துட்டு வாங்க."

அவன் போட்ட சத்தம், சாரம் பகுதியிலிருந்த வீட்டின் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த கார்குழலிக்கும் கேட்டது. "என் தம்பிதாங்க. கெளம்புங்க."

"குரல வச்சு நம்பக் கூடாது. இப்ப கம்ப்யூட்டரே உன் தம்பி மாதிரி பேசும்."

ராஜ்கமலின் கம்பெனியில் போன வாரம் இரண்டு நாள் பயிற்சி. பலராமன் என்பவர் வந்து, யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேளுங்கள், அதுவும் மூன்றாகக் கேளுங்கள் என்று சொல்லி, ஆளுக்கொரு சான்றிதழும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து குழம்பில் உப்புப் போட்டதற்குக்கூட கார்குழலி ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது.

"உங்க அம்மா பேரு?"

"கமலவேணி."

"ஆதார் கார்டுல இருக்கு. செல்லாது. உங்க வீட்டு நாய் பேரு?"

"டைகர். மாமா, வெயில் கொளுத்துது..."

"பேஸ்புக்ல போட்டோவே இருக்கு. அதுவும் செல்லாது. வேற யாருக்கும் தெரியாததாக் கேக்கணும். லைன்லயே இரு."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பயிற்சி நோட்டைத் தேடினான். அது துணிமூட்டைக்கு அடியிலிருந்து கிடைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. எழுதக் கை வேண்டுமே என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

"இருக்கியா?"

"ம்... இருக்கேன்." குரல் கரகரத்தது. பயந்துவிட்டான் என்று ராஜ்கமல் குறித்துக்கொண்டான்.

"மொதக் கேள்வி. புரட்டாசி சனிக்கெழம, பெரிய மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு நாம எங்க போனோம்?"

"பிரியாணி சாப்பிட."

"சரியான விடை!" என்று டிக் போட்ட பிறகுதான் கீரை ஆயும் சத்தம் நின்றுபோனதை ராஜ்கமல் கவனித்தான்.

"அந்த மாசம் பூரா நான் வெரதம் இருந்தேன்" என்றாள் கார்குழலி. "நீங்களும் இருக்கறேன்னீங்க."

ராஜ்கமலுக்குத் தன் பெயரைக் காப்பாற்றும் கேள்வி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

"ரெண்டாவது கேள்வி. கல்யாண நாளுக்கு உங்க அக்காவுக்கு நான் பாத்துப் பாத்து... கேக்குதா, பாத்துப் பாத்து ஒரு பட்டுப்புடவ வாங்கினேன். அத எடுத்தது யாரு? யோசிச்சுச் சொல்லு."

"கடையில நின்ன பொண்ணுதான். நீங்க போனப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்க."

கார்குழலி கீரையைத் தள்ளி வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மூணாவது கேளுங்க. எனக்கும் ஆதாரம் வேணும்."

ராஜ்கமல் நோட்டில் மூன்று என்று எண் போட்டான். "போன மே மாசம் உங்க அக்கா அம்மா வீட்டுக்குப் போனாளே... அந்த நாலு நாளும் நான் எவ்ளோ... எப்பிடி இருந்தேன்?"

"ரொம்ப சந்தோஷமா. அவங்க பஸ் திரும்புறதுக்குள்ள ஃபிரெண்டுங்களுக்கெல்லாம் போன் போட்டாச்சு. நாலு நாளும் வீட்ல சீட்டுக்கச்சேரி."

பயிற்சி முந்திக்கொண்டது. "மூணும் சரி! எனக்கும் அவனுக்கும் தவிர உலகத்துல யாருக்கும் தெரியாது. அப்ப இவன் விக்ரம்தான். நிரூபிச்சாச்சு!" என்று குதித்து எழுந்தான்.

கார்குழலியும் எழுந்தாள். "மூணும் உண்மன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

அவள் பீரோவைத் திறந்து பட்டுப்புடவையை எடுத்து அவன் தோளில் போட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். அந்த நேரத்தில் பிள்ளைச்சாவடிதான் பாதுகாப்பான இடம் என்று ராஜ்கமலுக்குப் பட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

டீக்கடையில் மச்சானைக் காணோம். கடைக்காரர் மட்டும் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்கேருந்து போன் பேசின பையன் எங்க?"

அவர் கரகரத்த குரலில் சிரித்தார். "நீங்கதானா அது? அவரு பஸ் கெடச்சு அப்பவே போயிட்டாருண்ணே. நீங்க கேள்வியாக் கேட்டுட்டே இருந்தீங்க. பாவமேன்னு எங்க வீட்ல நடந்ததச் சொல்லி வச்சேன்."