பட்டைப்பேனின் கண்ணாடிச் சிறகு

ஒரு ஊரின் காற்று சுத்தமா அசுத்தமா என்று சொல்ல, அந்த ஊரில் மூச்சு விடுகிற மனுசனுக்குத் தகுதி இல்லை. மரத்தில் ஊருகிற பட்டைப்பேனுக்கு மட்டுமே உண்டு. இந்த மாபெரும் உண்மை 1999-ஆம் வருசம், அரியலூர் பக்கம் எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. கிளையைத் தட்டிக் கொடுத்த கை என்னுடையது.

விசயம் இதுதான். என் வீட்டுக்காரி உண்ணாமலை குன்னத்துக்காரி. அங்கே வெங்காய மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடியவள். இங்கே வந்து சிமெண்ட் ஆலைத் தூசியைக் குடித்துக் குடித்து இளைப்பு. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்துதான் தூக்கம். புகைபோக்கிக்குத் தூசி பிடிக்கிற மெஷின் வைக்கச் சொல்லி ஊரே மனு கொடுத்தோம். ஆலை நிர்வாகம் மனசு இரங்கி, 'உயிரினங்களின் பாதிப்பை' ஆராய ஒரு குழுவை அனுப்பியது.

உண்ணாமலையை முன்னால் உட்கார வைத்தோம். குழுத்தலைவர் முனைவர் கலையரசன் அவளைத் தாண்டிப் போய்ப் புளியமரத்தைத் தடவினார்.

மனுசன் அடுப்பு ஊதுவான், பீடி குடிப்பான், பொய்யும் சொல்லுவான்; ஆகவே 'நம்பத்தகுந்த உயிரினம்' அல்ல என்று விளக்கினார். பட்டைப்பேன் அப்படி இல்லையாம். மரப்பட்டையில் பாசியையும் பூஞ்சையையும் சுரண்டித் தின்றுவிட்டு மந்தையாகக் கிடக்கும். யாரையும் கடிக்காது. மனு கொடுக்காது.

நான் தட்டத் தட்ட, விரித்திருந்த வெள்ளைத் துணியில் எள்ளு மாதிரி உதிர்ந்தன. லென்சில் பார்த்தால்தான் அதன் கம்பீரம். நூலாக நீண்ட உணர்கொம்பு. பெரிய ஆபீசருக்கு இருப்பது போல் புடைத்த நெற்றி. முதுகில் கூரை போட்டது மாதிரி சாய்த்து வைத்த சிறகு. ஒழுகாத கூரை.

பாதத்தில் கணு இரண்டா, மூன்றா என்பதில் குழுவே பிளந்தது. இரண்டு என்றால் ஒரு குடும்பம், மூன்று என்றால் வேறு குடும்பமாம். சோற்று நேரம் தாண்டியும் வாக்குவாதம். உண்ணாமலை இருமினதில் லென்சு ஆடியது. கொஞ்சம் தள்ளிப் போய் இருமச் சொன்னார்கள்.

கணு இரண்டுதான் என்று முடிவானது. ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சிறகு கண்ணாடியாக இருக்கணுமாம். இது சாம்பல் நிறம். சிறகில் நரம்பே தெரியவில்லை. புது இனம்! கலையரசன் பேனாவைத் திறந்தார். தன் பெயரையே அதற்கு வைக்கப் போவதாகச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக் கொளஞ்சிக்கு வாய் சும்மா இருக்காது. தன் தலைமுடியை இழுத்துக் காட்டினாள். "இங்கயும் அதே சாம்பல்தான் சார். எங்களயும் அந்தக் குடும்பத்துல சேத்துக்குங்க."

நிறத்தை உறுதி செய்ய, சாராய வாடை அடித்த குப்பியில் பேன்களைப் போட்டுக் குலுக்கினார். சாம்பல் மொத்தமும் அடியில் போய்ப் படிந்தது. சிறகு பளிச்சென்று கண்ணாடி. நரம்பு நரம்பாகத் தெரிந்தது. புது இனம் போச்சு. அவர் முகம் தொங்கிவிட்டது. எனக்கோ தாங்க முடியாத சந்தோசம். எங்கள் மனு முழுவதும் குப்பியின் அடியில் கிடக்கிறதே!

"பாத்தீங்களா சார், தூசி" என்றேன்.

"அது அசுத்தம். அசுத்தத்தை நீக்கிட்டுத்தான்ப்பா ஆராயணும்" என்று வண்டலை மண்ணில் கொட்டினார்.

அடுத்த மாசம் ஊரைக் கூட்டி அறிக்கை வாசித்தார். குடும்பம், சாதாரணமானது. பாதக் கணு, இரண்டு. சிறகு, மாசு மருவற்றது, கண்ணாடி போன்றது. 'எனவே இவ்வூர்க் காற்றில் தூசி இல்லை, மெஷின் தேவையில்லை.' விஞ்ஞானத்துக்கு மரியாதையாக நாங்களும் கை தட்டினோம். தட்டின கையிலிருந்து தூசி பறந்தது.

உண்ணாமலை தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள்.

"செத்த பேனைக் கழுவிப் பாத்து நல்லாருக்குன்னு எழுதிட்டீங்க சார். எங்களயும் செத்தா குளிப்பாட்டித்தான் தூக்குவாங்க. அப்ப வந்து பாருங்க. இந்த ஊர்ல ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லன்னு தைரியமா எழுதலாம்."