எப்போதும் எழுபத்திரண்டு

கீழ்க்கணக்கு லயம்,
கொடகவெல.
வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க மருமகன் கிருஷாந்த் அவர்களுக்கு,

மாமனார் செல்லையா எழுதிக்கொள்வது. வத்தளையில் நீங்களும் மகள் தனுஜாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறோம். இங்கே உங்கள் மாமி நலம். நானும் நலம்தான், ஆனால் என் நலத்தைப் பற்றிக் கீழே கொஞ்சம் விவரமாக எழுதியிருக்கிறேன், உட்கார்ந்து வாசிக்கவும். என் போன் பெல்மதுளையில் ஒரு கடையில் கிடப்பதால் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

விஷயம், தீபாவளிக்கு நீங்கள் பெட்டியைப் பிரித்து என் கையில் கட்டிவிட்ட வாட்சைப் பற்றியது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நான் முப்பத்தொரு வருசம் தேயிலை ஸ்டோரில், தூள் காய்கிற டிரையர் முன்னால் நின்று வெப்பமானியைப் பார்த்தவன். டீமேக்கர் சொன்னதைக்கூட நம்பாமல் முள் காட்டியதைத்தான் நம்புவேன். அந்தப் பழக்கத்தில் வாட்சையும் நம்பினேன். அதில் ஒரு பெண் கடற்கரையில் ஓடுவாள், பிறகு சிவப்பாக ஓர் இருதயம் வந்து துடிக்கும், பக்கத்தில் எழுபத்திரண்டு என்று காட்டும், பிறகு மணி பத்து பத்து, மறுபடியும் அந்தப் பெண். வேறு எதுவும் வராது. நேரம் தப்பு என்பது எனக்குத் தெரியும், செய்த நாட்டு நேரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இருதயம்தானே முக்கியம். நாடித்துடிப்பைத் தினமும் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லி கிளினிக்கில் சொல்லியிருந்ததால் ஒரு கொப்பி வாங்கி எழுதினேன். காலையில் எழுந்ததும் எழுபத்திரண்டு. கோயில் மேட்டில் ஏறி நின்றால் எழுபத்திரண்டு. பத்தொன்பது நாள் ஒன்று கூடவில்லை, குறையவில்லை. எங்கள் டிரையர்கூட ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. இவ்வளவு நல்ல இருதயத்தை வைத்துக்கொண்டு இரத்தினபுரிக்குப் போய் கிளினிக் வரிசையில் நிற்பது நோயாளிகளுக்கு இடைஞ்சல் என்று அந்த மாதம் போகவில்லை. தலை சுற்றியதை வெயில் என்று வைத்துக்கொண்டேன். மழை நாளிலும் சுற்றியது, அதற்கு ஒரு காரணமும் தேடவில்லை.

மாமிக்குத்தான் சந்தேகம் வந்தது. "சண்ட போட்டாலும் எழுவத்திரெண்டு, சாமி கும்புட்டாலும் எழுவத்திரெண்டு, இது என்னாங்க கதை?" என்று கேட்டு, வாட்சைக் கழற்றித் தன் கையில் கட்டினாள். எழுபத்திரண்டு. அடுத்த காம்பரா வீட்டு ஜீவராணி மலையில் கொழுந்து பறித்துவிட்டு மூச்சு வாங்க வந்தாள், அவளுக்கும் எழுபத்திரண்டு. கடைசியில் மாமி அதை ஒரு பூசணிக்காயின் காம்பில் கட்டினாள். பூசணிக்காயும் பூரண ஆரோக்கியத்தோடு இருந்தது. பக்கத்துப் பொத்தானை அமுக்கிப் பிடித்தோம், அணைந்தது, திரும்ப வந்தபோது அதே பெண் ஓடினாள். பேட்டரி தீரட்டும் என்று இரண்டு நாள் விட்டு மறுபடி சார்ஜ் ஏற்றினோம், அவள் ஓய்வெடுத்துவிட்டு வந்தவள்போல் ஓடினாள். அரிசிக்குள் புதைத்தால் சரியாகும் என்றாள் ஜீவராணி. வாட்ச் நனையவே இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை, ஒரு ராத்திரி அரிசிக்குள்ளும் இருந்தது.

பிறகு, போனோடு சேர்த்தால் சரியாகுமோ என்று போனையும் வாட்சையும் எடுத்துக்கொண்டு பெல்மதுளைக்குப் போனேன். புவாட் என்ற முஸ்லிம் தம்பி அங்கே போன் கடை வைத்திருக்கிறார். கடை மாடியில். படியேறி முடிப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வாட்சைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஐயா, இது கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஆக்களுக்குக் காட்ட வைக்கிற வாட்ச். டெமோவில நிக்குது. இந்த எழுபத்திரண்டு ஒங்கட இல்ல."

"பின்ன யாரோடது தம்பி?"

"யார்டயும் இல்ல. அது படம்."

"அப்ப பத்தொம்பது நாளா நான் எழுதுனது?"

"படத்தப் பாத்துக் கொப்பியடிச்சிருக்கீங்க."

சரியான வாட்ச் எப்படிக் காட்டும் என்று தெரியட்டும் என்று தன் கடையில் இருந்த ஒன்றை எடுத்து என் கையில் கட்டினார். நாற்பத்தொன்று. "இதுவும் பழுதாங்க தம்பி?" என்று கேட்டேன். அவர் தன் கையில் கட்டிப் பார்த்தார், எண்பத்துநான்கு. திரும்ப என் கையில் கட்டினார், நாற்பது. சிரிப்பை நிறுத்திவிட்டார். கடையைப் பூட்டி, என்னைக் கையைப் பிடித்துப் படியிறக்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போனும் வாட்சும் அவர் மேசையிலேயே கிடந்துவிட்டன.

பிரஷருக்குக் குடிக்கிற மாத்திரை என் உடம்புக்கு அளவு கூடி, இருதயத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்ததாம். கிளினிக்குக்கு வந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்போம் என்று டாக்டரம்மா சிங்களத்தில் சொன்னார். மாமி கொண்டுவந்த என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூடி என் தலைமாட்டில் வைத்தார். நான்கு நாள் வார்டில் வைத்து மாத்திரையைக் குறைத்தார்கள். உங்கள் மாமி முதல் இரண்டு நாள் என்னைத் திட்டவே இல்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. மூன்றாம் நாள் திட்டத் தொடங்கினாள், உடம்பும் தேறியது. இப்போது அறுபத்தாறு, நர்ஸ் கையைப் பிடித்து எண்ணியது.

இப்படிக் காட்சிக்கு வைத்த சாமானைக் கடைக்காரர்கள் பிறகு மலிவாகத் தள்ளுவார்கள் என்று புவாட் சொன்னார். நீங்கள் அப்படி வாங்கியிருப்பீர்கள் என்று நான் நம்பவில்லை. வாங்கியிருந்தாலும் வருத்தப்பட வேண்டாம், அது ஒழுங்கான வாட்சாக இருந்திருந்தால் நான் கடைக்கே போயிருக்க மாட்டேன். கல்யாணத்தின்போது உங்களைப் பற்றி நான் இரண்டொரு வார்த்தை பேசியது உங்கள் காதுக்கு வந்திருக்கும். நீங்கள் வாட்சைக் கட்டிவிட்ட அன்றே அந்த வார்த்தைகளை வாபஸ் வாங்கிவிட்டேன். பழுது தெரிந்த பிறகும் அவற்றை மறுபடி வாயில் எடுக்கவில்லை. தயவுசெய்து தனுஜாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். அவள் கோபம் உங்களுக்கு இரண்டு வருசமாகத்தான் தெரியும், எனக்கு இருபத்தாறு வருசமாகத் தெரியும்.

நீங்கள் இருவரும் பதினாறும் பெற்று நீடூழி வாழ மாமியும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
செல்லையா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது மாமி சொல்கிறாள், ஜீவராணியின் போனில் தனுஜாவுக்கு முந்தாநாளே எல்லாவற்றையும் சொல்லியாயிற்றாம். அந்த வாட்சைப் பேரம் பேசி வாங்கியதே தனுஜாதானாம், உங்களுக்கு நல்ல பேர் வரட்டும் என்று உங்கள் கையால் கட்டவைத்தாளாம். ஆகவே மேலே உங்களுக்குச் சொன்ன ஆறுதல் எல்லாம் வீண், மறைக்கச் சொன்னதும் வீண். வாபஸ் வாங்கிய வார்த்தைகளை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். அப்போது மாமி இன்னொன்றும் சொன்னாள். போன பொங்கலுக்கு வந்தபோது, ரோட்டிலிருந்து லயத்து வீட்டுக்கு ஏறும் வழியில் நான் மூன்று இடத்தில் நின்றதை எண்ணி வைத்து, "மாமாவுக்கு நெஞ்சுல என்னமோ சரியில்ல, கவனி" என்று தனுஜாவிடம் சொன்னது நீங்களாம். நான் பீடி பற்றவைக்கிற மாதிரி நின்றேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை, டவுனுக்குப் போகிற பஸ் வந்துவிடும். தனுஜா ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். வாட்ச் வாங்கியது அவள் என்றாலும் கிளினிக்குக்குப் போகாதது நான்தானாம். நீங்களும் கூட வாங்க மாப்பிள்ளை, ஏச்சு வாங்க நமக்கு ரெண்டு பேர் வேணும்.